ஜட்ஜு வராத கோர்ட்டு

அடியே,

கூரியரில் வந்த அட்டைப்பெட்டியை வாசலில் நின்றபடியே கிழித்தேன். குப்பென்று அடித்தது வாசனை. புது ரப்பர். மேலே பவுடர் பூசியதுபோல் வெளுத்துக் கிடந்த வளையங்கள், நம் மைதானத்துக்கு வந்தவை. ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து நன்றாக முகர்ந்தேன். கையெழுத்துக்காக நின்றிருந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும். "மோந்து பாரு, நல்ல ரிங்கு எதுன்னு மூக்கே சொல்லிடும்" என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது நீதானே.

நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாசனை அடித்ததும் எனக்கு அழுகை வரவில்லையடி, சிரிப்பு வந்தது. உன் மாமியாரின் கோர்ட்டு ஞாபகம் வந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இதை உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நீ கல்யாணமாகி மெட்ராஸிலிருந்து உத்திரமேரூருக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சந்தைக்கும் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடுவில் கிடந்ததே அந்தப் பேரூராட்சி நிலம், அதற்கு அப்போது ஊரில் ஒரே பெயர்: குப்பைமேடு. சந்தை கலைந்தால் மீன் செதிலும் அழுகின காயும் அங்கேதான் வந்து விழும். பொழுது சாய்ந்தால் சீட்டாடுகிறவர்கள் வருவார்கள். குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள் வருவார்கள். சுவரைப் பார்த்து நிற்கிறவர்களுக்குக் கணக்கே கிடையாது. மூலையில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதில் பல்பு எரிந்து யாரும் பார்த்ததில்லை.

என்னிடம் டைப் அடிக்க வந்த பெண்கள் மாலை வகுப்பு முடிந்து அதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்க வேண்டும். பக்கத்துப் பெருநகர் கிராமத்துப் பெண் ஒருத்தியின் கையை எவனோ பிடித்து இழுத்தான் என்று பேச்சு கிளம்பியதுதான் தாமதம், மாலை வகுப்பு மளமளவென்று காலியானது. டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் பண்ணினால் ஏதாவது ஆபீசில் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்த பெண்கள் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். இழுத்தவன் வழக்கம்போல் திரிந்தான், வந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

உன் வீட்டுக்காரரின் சைக்கிள் கடை என் இன்ஸ்டிட்யூட்டுக்கு அடுத்த கதவு. மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாய். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னிடம் வாயாடிக்கொண்டிருப்பாய். அப்படி வளர்ந்த பழக்கம் நம்முடையது. என் புலம்பலைக் கேட்டுவிட்டு நீ அலட்சியமாகச் சொன்னாய்:

"எங்க தெருவாண்டயும் இதே மாரி ஒரு எடம் இருந்துச்சிடி. பொம்பளைங்க அந்தப் பக்கமே போவ மாட்டாங்க. அப்பறம் கார்ப்பரேசன்ல ப்ளேகிரவுண்டு போட்டாங்க. கொஞ்ச நாள்ல தெருவே மாறிப்போச்சி. நாலு பேரு ஆடற எடத்துல பத்து பேரு நின்னு பாப்பான். பத்து பேரு பாக்கற எடத்துல எவன் கையப் புடிச்சி இழுப்பான்?"

"இந்த ஊர்ல ரோடு கேக்கலாம், லைட்டு கேக்கலாம். வெளையாட எடம் கேட்டா சிரிப்பானுங்க" என்றேன்.

"நீ வெளையாட எடம் கேளு. லைட்டு பின்னாலயே வரும்."

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாயா? கடையில் கிடந்த கிழிந்த டியூபை வெட்டி, உள்ளே மரத்தூளை அடைத்து, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி ஒரு வளையம் செய்தாய். பள்ளிக்கூடத்தில் நீ ஆடிய வளையப்பந்து. பந்து என்று பெயர்தான், பந்தே கிடையாது. வலைக்கு இந்தப்புறம் நின்று ரப்பர் வளையத்தை வீச வேண்டும், அந்தப்புறம் இருக்கிறவர் அது தரையில் விழுமுன் ஒற்றைக் கையால் பிடித்து உடனே திருப்பி வீச வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். "புடி" என்று என் பக்கம் வீசினாய். நேராக என் மூக்கில் பட்டது. சொல்யூஷன் வாசனையோடு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் நீ என்னிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் ஊரையே புரட்டிப்போட்டது. "அந்தக் குப்பமேட்டுல ஒரு கோர்ட்டு போட்டா எவ்ளோ நல்லாருக்கும்" என்றாய். பின்னால் குடத்தோடு நின்றது உன் மாமியார்.

"இன்னாடி சொன்ன? கோர்ட்டா?"

"ஆமா அத்த. கோர்ட்டு வந்தா ஊருக்கே நல்லது."

"உன் வாய்க்கு சக்கர போடணும்டி என் தங்கம்" என்று அவர் உன் கன்னத்தை வழித்துச் சொடுக்கினார். மாமியார் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாரே என்று நீயும் நானும் பூரித்துப்போனோம். மடச்சிகள்.

உன் மாமியாருக்கும் அவருடைய ஓரகத்திக்கும், அதாவது உன் மாமனாரின் தம்பி பெண்டாட்டிக்கும், கழனி வரப்பு ஒன்றை வைத்துச் செங்கல்பட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தது. அந்த வரப்பு யாருடையது என்பதுதான் கேஸ். அண்ணன் தம்பி இரண்டு பேரும் டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பொம்பளைகள் இரண்டு பேரும்தான் வருஷக்கணக்காக முகம் பார்ப்பதில்லை. வாய்தா வந்தால் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள், ஒருவர் முன்வாசல், ஒருவர் பின்வாசல். அப்படிப்பட்ட மனுஷியிடம் போய் 'கோர்ட்டு' என்றால் அவருக்குக் கறுப்புக்கோட்டு போட்ட வக்கீலும் மேஜைமேல் சுத்தியலும்தானே தெரியும்?

மறுநாள் விடிந்ததும் ஊர் முழுக்க இதே பேச்சு. நம் ஊருக்குக் கோர்ட்டு வருகிறது, குப்பைமேட்டில்தான் கட்டப்போகிறார்கள், ஜட்ஜு இடம் பார்க்க வருகிறார். டீக்கடைக்காரர் பெஞ்சை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டார். மனு எழுதிக்கொடுக்கிறவர் வேப்பமரத்தடியில் துண்டு போட்டு இடம் பிடித்தார். பேரூராட்சித் தலைவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். ஊருக்கே தெரிந்தது தலைவருக்குத் தெரியவில்லை என்றால் கேவலம் இல்லையா? அந்த மனுஷன் கொஞ்சமும் அசராமல், "மேலேந்து சேதி வந்து ரொம்ப நாளாச்சி. நான்தான் சொல்லாம வெச்சிக்கினு கீறேன்" என்றாராம்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முதல் கூடையைத் தூக்கியது உன் மாமியார்தான். "ஜட்ஜு வந்து மூக்கப் புடிச்சிக்கினு திரும்பிப் போவட்டுமா? வாங்கடி" என்று தெருவையே கிளப்பினார். சந்தை வியாபாரிகள் வண்டி கொடுத்தார்கள். குப்பை சாலவாக்கம் ரோட்டுப்பக்கம் பள்ளத்துக்குப் போனது. பாலாற்று மணல் வந்து இறங்கியது. அத்தனை வருஷமும் குப்பையை அள்ளச் சொல்லி நாங்கள் மனு மேல் மனு கொடுத்தும் நடக்காத காரியம், ஒரு தவறான வார்த்தையால் ஒரே வாரத்தில் நடந்தது. மணல்மேல் முதல்முறை வெறுங்காலோடு நடந்தேனே, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நீ உன் வீட்டுக்காரரைக்கொண்டு இரண்டு கம்பம் நட்டு, கயிற்று வலை கட்டினாய். சுண்ணாம்புக் கோடு போட்டாய். உன் மாமியார் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஜட்ஜு உக்கார்ற எடத்துல எவடி கொடி கட்டினது? துணி காயப்போட வேற எடமே கெடைக்கலியா?"

"அத்த, இதான் கோர்ட்டு."

"எது?"

"இதான். ரிங்கு கோர்ட்டு. ஆடறதுக்கு."

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோபமா, அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. நேராக ஆடுகளத்தின் நடுவில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "எனக்குக் கோர்ட்டு வரவரிக்கும் நான் ஏந்திரிக்க மாட்டேன்" என்றார். இருட்டிக் கொசு பிடுங்க ஆரம்பித்த பிறகுதான் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வீட்டுக்குப் போனார்.

சுத்தமான இடத்தைப் பார்த்ததும் ஊருக்கே ஆசை வந்துவிட்டது. லாரி நிறுத்தலாம், கடை கட்டலாம், மாட்டுவண்டி ஸ்டாண்டு வைக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மேலிருந்து சேதி வந்ததாகச் சொல்லி மாட்டிக்கொண்ட தலைவர் நம்மேல் கடுகடுவென்றிருந்தார். கடைசியில் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "பொங்கல் வரிக்கும் டைம் தரேன். ஜனங்க வந்து ஆடினா வெச்சிக்குங்க. ஈயோட்டிக்கினு கீறீங்கன்னா வண்டி ஸ்டாண்டுதான்" என்று சொல்லிவிட்டார். வண்டி ஸ்டாண்டு வந்தால் இருட்டினபிறகு அங்கே யார் யார் நிற்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? மாலை வகுப்புக்கு அத்தோடு முழுக்குப் போட வேண்டியதுதான்.

உன் மாமியார்தான் அப்போது நமக்குக் காவல் தெய்வமாக வந்து சேர்ந்தார். நம்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் வண்டி ஸ்டாண்டு என்று காதில் விழுந்ததும் பொங்கிவிட்டார். "கோர்ட்டுன்னு சொல்லி என் கையால குப்ப வாரவெச்சாங்க. நான் வாரின எடம் இது. எவன் இங்க வண்டி நிறுத்தறான்னு நானும் பாக்கறேன்" என்று தினமும் சாயங்காலம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டோரம் உட்கார்ந்தார். சீட்டாட வந்தவர்கள் அவர் வாய்க்குப் பயந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று நீ அவரை லைன் அம்பயர் ஆக்கினாய். "வளையம் கோட்டுக்கு உள்ள வுழுந்தா உள்ள, வெளிய வுழுந்தா வெளிய. கோட்டு மேல பட்டா உள்ள. அவ்ளோதான் அத்த சட்டம்" என்றாய்.

"கோட்டுமேல பட்டா எப்டி உள்ள ஆவும்?" என்று அவர் சண்டைக்கு வந்தார்.

"கோடும் ஆட்டத்தோட சேந்ததுதான் அத்த."

அவருக்கு அது பிடிக்கவே இல்லை. கேஸ் நடக்கிறதே வரப்புக்காக, பிடிக்குமா?

என்னிடம் டைப் கற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாவாடை தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வகுப்புக்கு முன்னால் ஓர் ஆட்டம், பின்னால் ஓர் ஆட்டம். அவர்களைப் பஸ் ஏற்ற வந்த அம்மாக்கள் நின்று பார்த்தார்கள். சுண்டல்காரர் வந்தார். பூக்காரி வந்தாள். ஓரகத்தியின் மகளும் என்னிடம் டைப் படித்தவள்தான், அவளும் ஆடினாள். அவளைப் பார்க்க ஓரகத்தியே வந்துவிட்டார். இந்தக் கோட்டோரம் உன் மாமியார் இருந்தால், அவர் அந்தக் கோட்டோரம். நீ சும்மா விடுவாயா? அவரையும் லைன் அம்பயர் ஆக்கினாய். ஒரே ஒரு வரப்புக்கு அடித்துக்கொள்கிற இரண்டு பேரை ஆளுக்கொரு கோட்டைக் கொடுத்து உட்காரவைத்த உன் கொழுப்பை என்னவென்று சொல்வது?

நடவு முடிந்து காலனிக்குத் திரும்புகிற பெண்கள் கோட்டருகே வந்து நிற்பார்கள். சேறு காயாத கால்கள். அவர்களில் எஸ்தர் என்று ஒருத்தி, நம் வயதுதான், உன் மாமியார் கழனியில் நடவு செய்கிறவள். தினம் நிற்பாள், கோட்டைத் தாண்டமாட்டாள். ஒருநாள் நீ ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவளிடம் போனாய்.

"எங்க நிக்கிற பாரு."

அவள் பயந்து காலை இழுத்துக்கொண்டாள். "தெரியாம மிதிச்சிட்டேங்க."

"மிதிச்ச இல்ல? கோட்டுல நின்னா உள்ளதான் கீறன்னு அர்த்தம். வா, ஆடு."

எஸ்தர் முதலில் வீசிய வளையம் வலையைத் தாண்டி, என்னைத் தாண்டி, டீக்கடை வாசலில் போய் விழுந்தது. நாற்றுக்கட்டைக் கழனிக்குக் கழனி வீசிப் பழகிய கை அது. "ஏய், நாத்து வீசற மாரி வீசாதடி" என்று நீ கத்த, அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் ஊர்த்தெருப் பெண்கள் பாதிப் பேர் வரவில்லை. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தி வீட்டில் விருந்தாளி. உண்மைக் காரணத்தை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. உன் மாமியார் முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "எஸ்தர கொஞ்ச நாளு கழிச்சி வரச் சொல்லலாமா?" என்று கேட்டேன். "வராதவளுக்காக வந்தவள அனுப்பறதா? அப்பறம் இன்னாத்துக்குடி இந்தக் கோர்ட்டு" என்றாய். எஸ்தரோடு காலனிப் பெண்கள் இன்னும் சிலர் வந்தார்கள். தலைவலி வந்தவர்களில் சிலருக்கு மெல்ல மெல்லச் சரியாகி அவர்களும் வந்தார்கள். கடைசிவரை வராதவர்களும் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

தலைவர் பார்க்க வந்த சாயங்காலம் இப்போதும் அப்படியே என் கண்முன்னால் நிற்கிறது. போகிக்கு முந்தின நாள். வண்டி ஸ்டாண்டு கேட்டவர்களும் அவர் பின்னாலேயே வந்தார்கள். ஒரு பக்கம் நீயும் நானும். மறுபக்கம் எஸ்தரும் ஓரகத்தி மகளும். சுற்றிலும் கூட்டம், சந்தை நாளில்கூட அப்படிக் கூட்டம் கூடினதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களும் வந்துவிட, கண்டக்டர்கள் விசிலடித்துக் கூப்பிடுகிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் சமமாகவே போய்க் கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றது. எஸ்தர் கையைப் பின்னால் இழுத்தாள். சொன்னேனே, நாற்று வீசுகிற கை, வளையம் சர்ரென்று வந்தது. நீ பாய்ந்தாய். உன் விரலுக்கு அப்பால் போய், உன் மாமியாரின் முக்காலிக்கு நேராக, கோட்டில் பொத்தென்று விழுந்தது. சுண்ணாம்பு தெறித்தது.

உள்ளே என்றால் மருமகள் தோற்றாள். ஜெயிப்பது ஓரகத்தி மகளும், தன் கழனியில் கூலிக்கு நடவு செய்கிற எஸ்தரும். வெளியே என்று சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்தில் யாரும் அவரிடம் வழக்குக்குப் போயிருக்க முடியாது. உன் மாமியார் எழுந்தார். கோட்டைக் குனிந்து பார்த்தார். உன்னைப் பார்த்தார். பிறகு எதிர்க்கோட்டில் உட்கார்ந்திருந்த ஓரகத்தியைப் பார்த்தார்.

"உள்ள" என்றார்.

கூட்டம் கத்தியது. ஓரகத்தி எழுந்து ஆடுகளத்தின் நடுவிலேயே நடந்து வந்தார். "நெஜமாவாக்கா சொல்ற?" என்றார். வருஷக்கணக்கில் உன் மாமியாரிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"கோட்டுமேல பட்டா உள்ள. எம்மருமவ சட்டம். எனக்கும்தான் புடிக்கல, இன்னா பண்றது" என்றார் உன் மாமியார்.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "செங்கல்பட்டுல தீராத கேஸு இங்க தீந்துடும் போலக்கீதே. நெஜமாவே கோர்ட்டுதான் வந்துகீது" என்றார். பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "வண்டிய வேற எங்கியாவது நிறுத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். தோற்ற நாம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். ஜெயித்த எஸ்தர் ஒன்றும் புரியாமல் நின்றாள். அவளையும் இழுத்துக்கொண்டு குதித்தோம்.

பொங்கல் கழிந்ததும் மூலைக் கம்பத்தில் பல்பு எரிந்தது. நீ சொன்னதுபோல் லைட்டு பின்னாலேயேதான் வந்தது. அந்தக் கோடையில் உன் மாமியாரும் ஓரகத்தியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே தூக்கில் கட்டிய எலுமிச்சம்பழச் சாதத்தோடு செங்கல்பட்டுக்குப் போய், கேஸ் வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். வரப்பு இரண்டு வீட்டுக்கும் பொது என்று முடிவு. "கோடும் ஆட்டத்தோட சேந்ததுதான்" என்று உன் மாமியார் வக்கீலுக்கு விளக்கினாராம், அவருக்கு ஒன்றும் புரியவில்லையாம். என் மாலை வகுப்பில் மிஷின் போதாமல் பெண்கள் காத்திருந்தார்கள். எவனோ கையைப் பிடித்து இழுத்தானே, அந்தப் பெருநகர் பெண்ணும் திரும்பி வந்தாள். லோயர் பாஸ் பண்ணினாள், ஹையரும் பண்ணினாள்.

இன்றைக்கு அங்கே ஒரு பக்கம் வாலிபால், ஒரு பக்கம் கபடி, விடிகாலையில் சர்க்கரை வியாதிக்காரர்களின் நடை. இரவு பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள் செல்போனில் பேசியபடி அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். அது ஒரு காலத்தில் குப்பைமேடு என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை. பஸ்ஸில் ஏறி "கோர்ட்டு ஸ்டாப்பிங்" என்று கேட்டால் டிக்கெட் கொடுக்கிறார்கள். போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் கையில் கேஸ் கட்டோடு இறங்கி, வலையைப் பார்த்துத் திகைத்து நின்றார். நீ இருந்திருந்தால் புரண்டு சிரித்திருப்பாய்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்த மத்தியானத்தில், எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "கோட்டுல கீறேன்டி" என்றாய். "அப்போ உள்ளதான்" என்றேன். உன் உதடு சிரித்தது. அதற்கப்புறம் நடந்ததைப் பற்றி ஊரார் ஆயிரம் சொல்கிறார்கள். போய்விட்டாள் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் மாமியாரே ஒத்துக்கொண்ட சட்டத்தை நான் மாற்றமுடியுமா?

வெயில் இறங்கிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். எஸ்தர் முன்னாலேயே போய்ச் சுண்ணாம்பு கரைத்து வைத்திருப்பாள். இன்றைக்குக் கோடு போடுவது என் முறை. கொஞ்சம் பட்டையாகவே போடப்போகிறேன்.